இசட்/28 என்று சொல்லி விற்ற கமாரோ

1969 செவ்ரலே கமாரோ இசட்/28 என்று நம்பி வாங்கிய ஒரு பழைய காரில் எனக்குப் போனது முப்பதாயிரம் டாலருக்கு மேல். ஊர்க் கணக்கில் 25 லட்சம் ரூபாயைத் தாண்டும். டெட்ராய்ட் பக்கத்தில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் இன்ஜினியராக இருக்கிறேன், கார் எனக்குப் புதிதில்லை. விற்றவர்களிடம் கேட்க வேண்டிய காகிதங்களை எல்லாம் கேட்டேன், கொடுத்தார்கள். காசு கொடுத்து ஓர் ஆளை அனுப்பி வண்டியைப் பார்க்கவும் வைத்தேன். அவ்வளவும் செய்த பிறகும் ஏமாற்ற முடிந்திருக்கிறது என்றால், இந்தத் தொழிலில் என்ன நடக்கிறது என்று நம்மாட்களுக்கு யாராவது சொல்லியாக வேண்டும். எனக்கு அப்படிச் சொல்ல ஆள் கிடைக்கவில்லை, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில், ஏன் அந்த வண்டி என்று கேட்பவர்களுக்கு. ஆகஸ்ட் மூன்றாவது சனிக்கிழமை உட்வர்ட் அவென்யூ ஓரத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பாருங்கள், அறுபதுகளின் கார்கள் மைல்கணக்கில் வரிசையாக ஊர்ந்து போகும். அதில் 69 கமாரோ வந்தால் கூட்டம் எழுந்து நிற்கும். இசட்/28 என்பது அந்தக் கமாரோவின் பந்தய வடிவம். அந்தக் கால டிரான்ஸ்-ஆம் கார்ப் பந்தயத்தில் இன்ஜின் 5 லிட்டரைத் தாண்டக் கூடாது என்பது விதியாக இருந்தது, அதற்காகவே செவ்ரலே 302 கன அங்குல இன்ஜின் ஒன்றைச் செய்தது. காகிதத்தில் 290 குதிரைத்திறன்தான், ஆனால் 7000 ஆர்பிஎம் பக்கம் அது போடும் சத்தத்தை ஒரு தடவை கேட்டவனுக்கு வேறு வண்டி பிடிக்காது. 1967இல் வெறும் 602 வண்டிகள்தான் செய்தார்கள். 1969இல் 20,302. அந்த வருடம் செய்த மொத்தக் கமாரோ 2,43,000-க்கும் மேல், அதாவது பன்னிரண்டில் ஒன்றுதான் இசட்/28. சாதாரண வி8 (எட்டு சிலிண்டர்) கமாரோவை நன்றாகப் புதுப்பித்தால் ஒரு விலை, அதே வண்டி அசல் இசட்/28 என்றால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. வெளியே இருக்கும் கோடுகள், ஸ்பாய்லர், பேட்ஜ், ஹூட் எல்லாமே இன்று கடையில் புதிதாகக் கிடைக்கும். இத்தனை பெரிய விலை வித்தியாசம் இருக்கிற இடத்தில் பொய் வராமல் இருக்குமா?

தெற்கு மாநிலம் ஒன்றில் இருக்கும் ஒரு டீலரிடம் அந்த வண்டியைப் பார்த்தேன். லெமான்ஸ் ப்ளூ, வெள்ளைக் கோடு, கேட்டது 64,000 டாலர். 'நம்பர்ஸ் மேட்சிங், டாக்குமென்டட்' என்று போட்டிருந்தார்கள், அதாவது இன்ஜின் வண்டியோடு பிறந்தது, அதற்குக் காகிதமும் இருக்கிறது என்று. கேட்டதும் படங்கள் வந்தன. ஃபயர்வாலில், அதாவது இன்ஜினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவே இருக்கும் தடுப்பில், நிறமும் செய்த வாரமும் சொல்லும் ட்ரிம் டேக் என்ற தகடு, அதில் இசட்/28-க்கான எக்ஸ்33 குறி. இன்ஜினில் 302-க்கான டி இசட் முத்திரை, அதன் பக்கத்தில் வண்டி எண்ணின் பின்பகுதி. வாரன்டி புத்தகத்தோடு ப்ரொடெக்ட்-ஓ-ப்ளேட் என்ற, வண்டியின் எண்கள் பொறித்த சின்ன உலோகத் தகடு. எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தின. 400 டாலர் கொடுத்து அனுப்பிய இன்ஸ்பெக்டர் நூற்றுக்கும் மேல் படம் எடுத்து அனுப்பினார், துரு இல்லை, பிரேக் நன்றாகப் பிடிக்கிறது, பெயின்ட் தடிமன் சீராக இருக்கிறது என்று எழுதினார். என் மனைவி மட்டும், "என்னங்க, இந்தக் காசுக்கு ஊர்ல ஒரு மனை வாங்கிப் போடலாமே" என்றாள். அவளைச் சமாதானப்படுத்தி, வங்கியிலிருந்து பணத்தை அனுப்பி, லாரிக்கு 1,350 டாலர் கொடுத்து வண்டியை வரவழைத்தேன். மிச்சிகனில் பதிவு செய்யும்போது 6 சதவீத வரி, அது 3,840 டாலர். பின்னால் வண்டி போலி என்று தெரிந்தாலும் அந்த வரிப் பணம் நமக்குத் திரும்பி வராது, இதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே நிறுத்தி, அந்த இன்ஸ்பெக்டரைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில், எண்களும் முத்திரைகளும் அசலா என்பதற்குத் தாங்கள் பொறுப்பில்லை என்று பொடி எழுத்தில் இருந்தது. பொதுவான இன்ஸ்பெக்ஷன் கம்பெனிகள் அநேகமாக எல்லாமே இப்படித்தான். அவர்கள் பார்ப்பது வண்டியின் நிலைமையை மட்டும். வண்டி யார் என்பதைப் பார்க்க வேறு ஆள் வேண்டும், அந்த மாடலை மட்டுமே வருடக்கணக்காகப் பிரித்துப் பார்த்த ஆள். அவர் 800, 1000 டாலர் கேட்டாலும் கொடுங்கள். அவரை நீங்களே தேடிப் பிடியுங்கள், டீலர் சிபாரிசு செய்யும் ஆள் வேண்டாம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். 69 கமாரோவின் வின் எண், அதாவது வண்டியின் அடையாள எண், 13 இலக்கம். 17 இலக்க எண் 1981இல்தான் வந்தது, அதனால் வண்டியின் பழைய கதையைச் சொல்லும், நாம் பழகிய கார்ஃபாக்ஸ் மாதிரி ரிப்போர்ட் எதுவும் இந்த வண்டிகளுக்குக் கிடைக்காது. என் வண்டியின் எண் 124379 என் என்று தொடங்கும். 1 என்றால் செவ்ரலே, 24 என்றால் வி8 கமாரோ, 37 என்றால் கூபே, 9 என்றால் 1969, 'என்' என்றால் ஒஹையோவின் நார்வுட் ஆலை, அதற்குப் பிறகு வரிசை எண். கலிபோர்னியாவின் வான் நைஸ் ஆலை என்றால் 'என்' இருக்கும் இடத்தில் 'எல்' இருக்கும். இதில் இசட்/28 எங்கே இருக்கிறது? எங்கேயும் இல்லை. 307 கன அங்குல இன்ஜின் போட்ட சாதாரண வண்டிக்கும், எஸ்எஸ்396 என்ற இன்னொரு வேக வடிவத்துக்கும், இசட்/28-க்கும் ஒரே 12437. ஆகவே டைட்டில் என்ற உரிமைப் பத்திரமும் வின் எண்ணும் சுத்தமாக இருப்பதால் வண்டி இசட்/28 ஆகிவிடாது. அதை இசட்/28 என்று சொல்வது டேக், இன்ஜின் முத்திரை, காகிதங்கள் ஆகியவைதான், அந்த மூன்றையும் இன்று புதிதாகச் செய்துகொள்ள முடியும். டேக்கை அச்சடித்துக் கொடுக்கிறார்கள், முத்திரை குத்தும் அச்சுகள் விற்கிறார்கள், ப்ரொடெக்ட்-ஓ-ப்ளேட்டும் நாம் சொல்லும் எண்களோடு செய்து தருகிறார்கள். புதுப்பிக்கும் தொழிலில் இதற்கெல்லாம் நேர்மையான தேவையும் இருக்கிறது, அதனால் தடை செய்யவும் முடியாது. ஊரில் மனை வாங்கும்போது கையில் இருக்கும் பத்திரத்தோடு நிறுத்தாமல் மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பக்கத்து நிலத்தின் சர்வே எண் என்று ஒன்றோடொன்று ஒத்துப் பார்க்கிறோமே, அதே புத்திதான் இங்கேயும் வேண்டும்.

வண்டி வந்து கொஞ்ச நாள் சந்தோஷமாகவே ஓட்டினேன். அதை மறைக்க மாட்டேன், அந்த வசந்த காலம் நன்றாகத்தான் இருந்தது. ஞாயிறு காலைகளில் ஒரு கடையின் பார்க்கிங்கில் பழைய கார்க்காரர்கள் கூடுவார்கள், அங்கே போய் ஹூட்டைத் திறந்து வைத்திருந்தேன். ஓய்வு பெற்ற ஒரு பெரியவர், கமாரோ ஷோக்களில் நடுவராக இருப்பவர், குனிந்து இன்ஜினின் முன்பக்கம் வலதுபுறம் இருக்கும் அந்தச் சின்னத் தளத்தை டார்ச் அடித்துப் பார்த்தார். நேராக அடிக்கவில்லை, டார்ச்சைப் படுக்க வைத்துச் சாய்வாக அடித்தார். பிறகு என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, பிரோச் கோடுகள் இல்லையே என்றார். ஆலையில் இன்ஜின் பிளாக்கின் மேல்தளத்தை பிரோச் என்ற கருவியால் சீவும்போது முன்னிருந்து பின்னாக மெல்லிய இணைகோடுகள் விழும். அதன்மேல்தான் முத்திரை குத்துவார்கள். பழைய முத்திரையை அழிக்க வேண்டுமானால் தளத்தைச் சீவ வேண்டும், சீவினால் கோடுகள் போய்விடும். என் இன்ஜினில் அந்த இடம் வழுவழுவென்று இருந்தது. இன்ஜினைப் பிரித்து வேலை செய்தபோது யாராவது நியாயமாகவே சீவியிருக்கலாம், இதை மட்டும் வைத்து முடிவுக்கு வர வேண்டாம் என்று அவரே சொன்னார். ஆனால் சீவிய தளத்தின் மேல் முத்திரை எப்படி வந்தது என்ற கேள்வி இருக்கிறதே. அன்று வீட்டுக்கு ஓட்டி வரும்போது எனக்குக் கை நடுங்கியது.

அடுத்த வாரம் அவரே வீட்டுக்கு வந்தார், காசு வேண்டாம் என்றுவிட்டார். முதலில் செய்த காரியம் எனக்கு இன்னும் ஆச்சரியம். ஒரு ஸ்பார்க் ப்ளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக மெல்லிய மரக் குச்சி ஒன்றை பிஸ்டன் தலை வரைக்கும் இறக்கினார். நான் கிராங்க் போல்ட்டில் ஸ்பானர் போட்டுக் கையால் இன்ஜினை மெதுவாகச் சுற்றினேன். பிஸ்டன் மேலே வந்தபோது குச்சியில் ஒரு பென்சில் கோடு, கீழே போனபோது இன்னொன்று. 302 இன்ஜினில் பிஸ்டன் போய்வரும் தூரம் 3 அங்குலம், செவ்ரலேயின் இன்னொரு இன்ஜினான 350இல் 3.48 அங்குலம். சிலிண்டர் விட்டம் இரண்டுக்கும் ஒன்றே, 4 அங்குலம். 302-க்கு எடுத்த அதே வார்ப்பு பிளாக்குகள் 350-க்கும் போயிருக்கின்றன, அதனால் பிளாக்கின் வார்ப்பு எண்ணைப் படித்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. ப்ளக் ஓட்டை சாய்வாக இருப்பதால் குச்சி அளவு துல்லியமாக வராது, ஆனால் அரை அங்குல வித்தியாசத்தை அது மறைக்காது. என் குச்சியில் இரண்டு பென்சில் கோடுகளுக்கும் நடுவே மூன்றரை அங்குலத்தை ஒட்டி வந்தது. டி இசட் முத்திரை குத்திய 350. ஐந்து டாலர் கூடச் செலவில்லாத சோதனை, வாங்கும் முன் எந்த டீலர் கடையிலும் செய்து பார்க்கலாம், அரை மணி நேரம் போதும். ஓனர் மறுத்தால் அதுவே ஒரு பதில்.

இன்ஜின் மாறியிருக்கலாம், வண்டியாவது அசலாக இருக்கட்டும் என்று அப்போதும் மனசு கேட்டது. அசல் இன்ஜின் போய்விட்ட இசட்/28-க்கும் நல்ல மதிப்பு உண்டு. அதனால் உடம்பைப் பார்த்தோம். டாஷ்போர்டின் மேல் கண்ணாடி வழியாகத் தெரியும் வின் தகட்டை ஆறு இதழ் பூ மாதிரித் தலை உள்ள ரிவெட்டால் அடித்திருப்பார்கள், அது சரியாக இருந்தது. அந்த எண்ணில் கைவைப்பது கூட்டரசுச் சட்டப்படி சிறைக்குப் போகும் குற்றம், அதனால் இந்த வகை ஆட்கள் பெரும்பாலும் அதைத் தொடுவதில்லை, ட்ரிம் டேக்கோடு நிறுத்திக்கொள்வார்கள் என்பது பெரியவரின் அனுபவம். இதே எண்ணின் பின்பகுதி இரண்டு மறைவான இடங்களில் உடம்பிலேயே குத்தியிருக்கும். ஒன்று, வைப்பர் கைகளைக் கழற்றி முன்கண்ணாடிக்குக் கீழே இருக்கும் கிரில்லைத் தூக்கினால் தெரியும். இன்னொன்று ஃபயர்வாலில், ஹீட்டர் பெட்டிக்குப் பின்னால். இரண்டும் டாஷ் எண்ணோடு பொருந்தின. பெருமூச்சு விட்டேன், ஏனென்றால் பொருந்தாமல் போயிருந்தால் அது திருட்டு வண்டியாக இருக்கலாம், போலீஸ் எடுத்துப் போனால் பணமும் கிடையாது, வண்டியும் கிடையாது. வேறு எதையும் பார்க்க முடியாவிட்டாலும் கிரில்லுக்குக் கீழே இருக்கும் அந்த எண்ணை மட்டுமாவது பாருங்கள்.

ஹீட்டர் பெட்டியைக் கழற்றியதில்தான் மற்றதும் வெளியே வந்தது. அதன் பின்னால் ஃபயர்வாலில் ஒரு தகடு வைத்து வெல்டிங் செய்து, தேய்த்து, கறுப்பு அடித்திருந்தார்கள். வெளியிலிருந்து ஒன்றும் தெரியாது. உள்ளே கார்பெட்டையும் அதன் அடியில் இருக்கும் தார் அட்டையையும் உரித்தபோது வெல்டிங் கோடு முழுசாகத் தெரிந்தது. ஆலையிலேயே ஏசி போட்ட வண்டிக்கு ஃபயர்வாலில் வெட்டு வேறு மாதிரி இருக்கும், அதை மூடியிருந்தார்கள். முதல் தலைமுறை இசட்/28-க்கு ஆலையில் ஏசி கிடையாது, ஆட்டோமேட்டிக் கியரும் கிடையாது, நான்கு கியர் மேனுவல் மட்டும்தான். ஏசியோடு பிறந்த வண்டி இசட்/28 ஆக இருக்கவே முடியாது. அத்தோடு முடிந்தது. பின்சீட்டின் பக்கவாட்டு அட்டையைக் கழற்றினால் உள்ளே ஒலிம்பிக் கோல்டு நிறம் தூவியிருந்தது, டேக்கிலோ நிறம் 71, அதாவது லெமான்ஸ் ப்ளூ.

அதற்கப்புறம் டேக்கைப் படித்தபோது அதன் பொய்யும் தெரிந்தது. டேக்கில் 04சி, அதாவது ஏப்ரல் மூன்றாவது வாரம். இன்ஜின் வார்ப்புத் தேதியும் ஏப்ரல் முதல் வாரம், பிளாக்கின் பின்பக்க விளிம்பில் மாதத்துக்கு ஓர் எழுத்து, நாள், வருடத்தின் கடைசி இலக்கம் என்று இருக்கும். இந்த இரண்டையும் அழகாகப் பொருத்தியிருந்தார்கள். ஆனால் வின் வரிசை எண்ணை, கமாரோ ரிசர்ச் குரூப் என்ற ஆர்வலர் குழு தொகுத்த மாதவாரி எண்களோடு ஒப்பிட்டால் என் வண்டி 1968இன் இலையுதிர் காலத்தில் ஆலையை விட்டு வெளியேறியிருக்கிறது. ஏப்ரல் மாதம் வார்த்த பிளாக் அதற்கு முந்தின வருடமே ஓடிப்போன வண்டியில் எப்படி இருக்கும்? இன்னொன்று, நார்வுட் ஆலை டேக்கில் எக்ஸ் குறி போட ஆரம்பித்ததே 1968 டிசம்பர் வாக்கில்தான். எக்ஸ்33 என்றால் ஸ்டைல் ட்ரிம் என்ற வெளி அலங்காரத்தோடு வந்த இசட்/28, எக்ஸ்77 என்றால் அது இல்லாதது. வான் நைஸ் டேக்கில் எக்ஸ் குறியே வராது. விளம்பரப் படங்களில் வின் எண்ணின் கடைசி இலக்கங்களை மங்கலாக்கி வைத்திருந்தது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. முழு எண்ணும் டேக் தேதியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் விஷயம் தெரிந்தவன் கண்டுபிடித்துவிடுவான். ஆகவே அட்வான்ஸ் அனுப்பும் முன்பே மூன்று தேதிகளையும் வாங்கிவிடுங்கள்: வின் வரிசை எண் சொல்லும் மாதம், டேக் வாரம், இன்ஜின் வார்ப்பு நாள். இன்ஜின் தேதி முன்னால், வண்டி பின்னால், இடைவெளி சில வாரங்கள், இதுதான் இயல்பு.

அன்று இரவு நான் சாப்பிடவில்லை. மனைவியிடம் சொல்லவே தைரியம் வராமல் இருந்தேன், சொன்னபோது அவள் ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை, அதுதான் இன்னும் வலித்தது. டீலருக்கு எழுதினேன். தாங்களும் நம்பித்தான் வாங்கினோம், முந்தைய ஓனர் சொன்னதைத்தான் விளம்பரத்தில் போட்டோம் என்று பதில் வந்தது. ஒப்பந்தத்தில் 'இருக்கிற நிலையில் வாங்குகிறேன்' என்று ஒரு வரி, வழக்கு என்றால் அவர்கள் கவுண்டி கோர்ட்டில்தான் என்று இன்னொரு வரி. இரண்டும் வழக்கமாக எல்லா டீலரும் போடுவது. வக்கீலுக்கு 5,200 டாலர் போனது. நிபுணரின் எழுத்துபூர்வ ரிப்போர்ட்டுக்கு 600. வக்கீல் முதலில் கேட்டது, வண்டி இசட்/28 என்று பில்லில் எழுதியிருக்கிறதா என்பதைத்தான். பில்லில் '1969 செவ்ரலே கமாரோ' என்று மட்டும் இருந்தது. விளம்பரத்தை நான் படமெடுத்து வைத்திருந்ததால்தான் 8,500 டாலராவது திரும்பி வந்தது, பெயர் வெளியிட மாட்டேன் என்ற கையெழுத்தோடு. எனவே விளம்பரம், மின்னஞ்சல், குறுஞ்செய்தி எல்லாவற்றையும் முதல் நாளிலிருந்தே சேர்த்து வையுங்கள். பணம் போகும் முன் பில்லில், "இந்த வண்டி ஆலையிலிருந்து இசட்/28 ஆக வெளிவந்தது, இதிலுள்ள இன்ஜின் இந்த வண்டியோடு பிறந்தது" என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். அசல் வண்டி வைத்திருப்பவன் தயங்காமல் போடுவான்.

வேறு வண்டி தேடுகிறவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் செவ்ரலே அளவுக்கு மற்றவை கஷ்டமில்லை. பான்டியாக் என்றால் பி எச் எஸ் என்ற நிறுவனத்திடம் ஆலையின் பில் நகல் கிடைக்கும். 1966 முதல் 1971 வரை அவர்களுடைய வேக மாடலான ஜிடிஓ வண்டிகளின் எண்ணே 242 என்றுதான் தொடங்கும். ஃபோர்டு என்றால் 1967 முதல், ஆலைப் பதிவிலிருந்து எடுத்துத் தரும் மார்ட்டி ரிப்போர்ட் இருக்கிறது. டாட்ஜ், ப்ளிமத் வண்டிகளில் வின் எண்ணின் ஐந்தாவது எழுத்தே இன்ஜினைச் சொல்லிவிடும், 1970இல் ஆர் என்றால் 426 ஹெமி என்ற இன்ஜின். இந்தக் காலத்துக் கமாரோவுக்கு மட்டும் அமெரிக்காவில் இசட்/28-ஆ இல்லையா என்று சொல்லும் ஆலைப் பதிவு எதுவும் வாங்க முடியாது. கனடாவில் புதிதாக விற்ற வண்டி என்றால் ஜிஎம் கனடாவின் பதிவிலிருந்து விவரம் எடுக்கலாம். அதனாலேயே கனடாவில் விற்ற 69 இசட்/28 வந்தால் நான் கொஞ்சம் விலை கூடக் கொடுப்பேன்.

வண்டியைக் கடைசியில் 36,000-க்கு விற்றேன். விளம்பரத்தின் முதல் வரியிலேயே 'இது இசட்/28 அல்ல, 350 இன்ஜின், ஏசியோடு வந்த கோல்டு நிறக் கமாரோ' என்று போட்டேன். வாங்கியவரிடம் நிபுணர் ரிப்போர்ட்டையும் ஃபயர்வால் படங்களையும் கொடுத்தேன், பில்லிலும் அப்படியே எழுதினேன். அந்த எக்ஸ்33 டேக்கும் ப்ரொடெக்ட்-ஓ-ப்ளேட்டும் வண்டியோடு போகவில்லை, வக்கீல் ஃபைலில் இருக்கின்றன. காப்பீட்டைக் கூட விஷயம் தெரிந்த வாரமே குறைத்து எழுதச் சொல்லிவிட்டேன், இல்லாவிட்டால் இல்லாத மதிப்புக்குப் பிரீமியம் கட்டிக்கொண்டிருப்போம்.

டெட்ராய்டைச் சுற்றி ஒரு மணி நேர தூரத்துக்குள் யாராவது முதல் தலைமுறை கமாரோ பார்க்கப் போகிறீர்கள் என்றால் சொல்லுங்கள், நானும் வருகிறேன். டார்ச், கண்ணாடி, மரக் குச்சி எல்லாம் காரிலேயே வைத்திருக்கிறேன். வான் நைஸ் வண்டி என்றால் டேக்கில் எக்ஸ் குறி இருக்காது, அதற்கு அந்தப் பெரியவரையும் கேட்டுக் கூட்டி வருகிறேன்.